ஸ்பிட்டி பள்ளத்தாக்கு, வாடகை பைக்கில்: 2ஏ லைசன்ஸ், எண்ணெய், உயரம், நாலா

ஈசூன்_2ஏ

வணக்கம். நாங்க மூணு பேர் செப்டம்பர்ல இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போறதா இருக்கோம். டெல்லிக்குப் பறந்து, மணாலியில பைக் வாடகைக்கு எடுத்து, ஸ்பிட்டியோட முக்கிய ஊரான காஸா போய்த் திரும்பறதுதான் திட்டம். ரெண்டு பேர்கிட்ட சிங்கப்பூர் 2ஏ லைசன்ஸ் (400 சிசி வரை), ஒருத்தர்கிட்ட 2பி (200 சிசி வரை). தார் ரோட்டுல மூணு பேரும் நல்லாவே ஓட்டுவோம். மலேசிய நெடுஞ்சாலையெல்லாம் பழக்கம். ஆனா கல்லு, மண்ணு, ஆத்துத் தண்ணி இதெல்லாம் புதுசு.

இப்போதைக்கு எழுதி வச்சிருக்கறது: முதல் ராத்திரி மணாலி. மறுநாள் அடல் சுரங்கம் வழியா குன்ஸும் கணவாய் தாண்டி நேரா காஸா. மூணு நாள் அங்க சுத்திட்டு அதே வழியில திரும்பறது.

பைக்ல ஹிமாலயன் 411 எடுக்கறதா, 450 எடுக்கறதா, இல்ல எக்ஸ்பல்ஸ் 200 போதுமா? ஒருத்தர் உயரம் 165 செ.மீ. எண்ணெய் (பெட்ரோல்) கேன் கட்டிக்கிட்டுப் போகணுமா? ரெண்டு பேர் சிங்கப்பூர் பாஸ்போர்ட், ஒருத்தர் பிஆர் (நிரந்தரவாசி), அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட். பெர்மிட் யாருக்குத் தேவை? என்னென்ன பாகம் கையில இருக்கணும்? தெரிஞ்சவங்க விவரமாச் சொன்னா உதவியா இருக்கும்.

---

செம்பவாங்_மலைவழி

பைக்கைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். அதற்கு முன்னால் உங்கள் இரண்டாம் நாளை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மணாலி 2,050 மீட்டர். குன்ஸும் ஏறக்குறைய 4,550. காஸா 3,700 சொச்சம். இரண்டு நாள் முன்புவரை கடல்மட்டத்தில் இருந்த உடம்பை (நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான்) ஒரே நாளில் 1,650 மீட்டர் உயர்த்தித் தூங்கவைக்கிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓர் இரவு தங்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. உங்கள் திட்டத்தில் காஸா போய்ச் சேரும் இரவே தலைவலியும் குமட்டலும் ஆரம்பிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மறுநாள் அதே தலையோடு கல்பாதையில் வண்டி ஓட்ட வேண்டும். அங்கே கீழே விழுகிறவர்களில் பலர் ஓட்டத் தெரியாமல் விழுவதில்லை. பிராணவாயு போதாமல், முடிவெடுப்பது அரை நொடி தாமதமாகி விழுகிறார்கள்.

வழியைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். மணாலியிலிருந்து தெற்கே இறங்கி ஔட், பஞ்சார் வழியாக ஜிபி. அது 100 கி.மீ.க்குச் சற்று மேல். மறுநாள் ஜலோரி கணவாய், 3,120 மீட்டர். ஷோஜாவுக்கு மேல் செங்குத்தான ஏற்றம். முதல் கியரில் கிளட்ச்சைத் தேய்க்காமல் ஏறப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனி வழியாகச் சட்லெஜ் ஆற்றங்கரைக்கு இறங்கி ராம்பூரில் தூக்கம். அது 1,000 மீட்டர்தான். மூன்றாம் நாள் ரெக்காங் பியோ தாண்டிக் கல்பா, ஏறக்குறைய 2,900. அங்கே இரண்டு இரவு. ஐந்தாம் நாள்தான் முக்கியம். நாகோ 3,600க்கு மேல் இருக்கிறது, ஆனால் அங்கே தங்காதீர்கள். நாகோவில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு தாபோவுக்குப் போய்விடுங்கள். தாபோ 3,280. பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு இரவு தாழ்வான இடத்தில் தூங்குவது உடம்புக்கு நல்லது. நாள் நீளம்தான், 160 கி.மீ.க்கு மேல் வரும், விடியற்காலையே கிளம்ப வேண்டும். கி.பி. 996இல் கட்டிய தாபோ மடாலயத்தை மறுநாள் காலை பார்த்துவிட்டு 47 கி.மீ. போனால் காஸா. இரண்டு மூன்று இரவு அங்கே. பிறகு குன்ஸும் தாண்டி சந்திரதால் ஏரி முகாம், 4,250 மீட்டர். அடுத்த நாள் மணாலி. இந்தக் கணக்கில் 3,000க்கு மேல் எந்த இரவும் 550 மீட்டருக்கு மேல் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெர்மிட்: மணாலி வழியாகக் காஸா வரை வெளிநாட்டவருக்குத் தேவையில்லை. ரெக்காங் பியோவுக்கும் காஸாவுக்கும் நடுவே, திபெத் எல்லையை ஒட்டிய பகுதிக்குத் தேவை. உங்களில் சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இருவரும் எடுத்தாக வேண்டும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுப்பது) இருந்தாலும் விலக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு வேண்டாம். ரெக்காங் பியோவில் அங்குள்ள பயண முகவர் மூலம் விண்ணப்பிப்பதுதான் வழக்கம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், படம் வேண்டும். பொதுவாக இரண்டு பேராகப் போனால்தான் கொடுப்பார்கள், நீங்கள் இருவர் இருப்பதால் சரி. ஞாயிற்றுக்கிழமையிலோ அரசு விடுமுறையிலோ போய் நிற்காதபடி நாளைக் கணக்கிடுங்கள். கல்பாவில் இரண்டு இரவு சொன்னதற்கு இதுவும் காரணம். பெர்மிட் தாளில் ஐந்தாறு நகல் எடுத்து வையுங்கள், சோதனைச்சாவடிகளில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

மணாலி வழியாகவே போய் வந்தாலும் அந்தப் பெர்மிட்டைக் காஸாவில் எடுத்து வைப்பது நல்லது என்பேன். காஸாவில் ஒருவருக்கு மலைநோய் முற்றினால் உடனே கீழே இறக்க வேண்டும். மணாலிப் பக்கம் இறங்க வேண்டுமானால் முதலில் 4,550 மீட்டர் ஏற வேண்டும். நோயாளியை அந்த வழியில் கொண்டுபோகக் கூடாது. தாபோ, கின்னோர் (கல்பா இருக்கும் மாவட்டம்) பக்கம்தான் ஏறாமல் இறங்கும் வழி. அவசரத்தில் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போவதைவிடத் தாள் கையில் இருப்பது மேல்.

மாத்திரை: அசிட்டசோலமைட் 125 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. இது வழக்கமான தடுப்பு அளவு. மருத்துவர் சீட்டு வேண்டும், இங்கே பயண மருத்துவ கிளினிக்கில் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்தது மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குளிரில் விரல் விறைத்துவிட்டது என்று பயப்படுவீர்கள். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

தலைவலி மட்டும் இருந்தால் ஏறாமல் அங்கேயே தங்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் இருந்தாலோ, குதிகாலோடு விரல்நுனி ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, அது நுரையீரல் அல்லது மூளை வீக்கம். விடியும்வரை காத்திருக்காமல் இறக்குங்கள். ஆம்புலன்ஸ் எண் 108, பொது அவசர எண் 112. காஸாவில் சமூக நல மருத்துவமனை இருக்கிறது. அதைவிடப் பெரியது ரெக்காங் பியோவில்.

---

சங்கிலி_பல்சக்கரம்

பைக் விஷயத்துக்கு வரேன். மேல அண்ணன் சொன்ன வழியை அப்படியே எடுத்துக்குங்க.

முதல்ல லைசன்ஸ். 2ஏன்னா 400 சிசி வரைக்கும்தான். ஹிமாலயன் 411 பேர்லயே இருக்கு, 11 சிசி தாண்டுது. 450ங்கறது 452 சிசி. இந்தியாவுல கியர் மோட்டார்சைக்கிளுக்கு ஒரே வகை லைசன்ஸ்தான், அங்க இருக்கற போலீஸ், ஏஏ சிங்கப்பூர் (வாகனமோட்டிகள் சங்கம்) கொடுக்கற சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் நம்ம அட்டையையும் பார்த்துட்டு விட்டுடுவாங்க. பிரச்சினை விபத்து நடந்த பிறகு வரும். உங்க பயணக் காப்புறுதி நிறுவனம், "இந்த சிசிக்கு உங்ககிட்ட லைசன்ஸ் இருந்ததா?"ன்னு கேக்கும். பல பாலிசியில மோட்டார்சைக்கிளுக்கு சிசி வரம்பு, தார் இல்லாத பாதைக்கு விலக்கு, குறிப்பிட்ட மீட்டருக்கு மேல விலக்குன்னு தனித்தனியா இருக்கும். மூணையும் சொல்லி மின்னஞ்சல்ல பதில் வாங்கி வச்சுக்குங்க. சிங்பாஸ் செயலியில இருக்கற டிஜிட்டல் லைசன்ஸ் வெளிநாட்டுல செல்லாது, பிளாஸ்டிக் அட்டையை எடுத்துட்டுப் போங்க.

எக்ஸ்பல்ஸ் 200 4வி 199.6 சிசி. உங்க 2பி நண்பர் உட்பட மூணு பேருக்கும் சட்டப்படி சரி. எடை 159 கிலோ. ஹிமாலயன் ரெண்டும் 200 கிலோவை ஒட்டி இருக்கும். 4,000 மீட்டர்ல விழுந்த வண்டியைத் தூக்கறப்ப அந்த 40 கிலோ பெரிய வித்தியாசம். ரெண்டு தடவை தூக்கினா பத்து நிமிஷம் உக்காந்து மூச்சு வாங்கணும். இருக்கை உயரம் 825 மி.மீ. பக்கம். 165 செ.மீ. ஆளுக்கு ரெண்டு காலும் முழுசா எட்டாது, ஆனா வண்டி ஒல்லியா இருக்கறதால ஒரு கால் நல்லா ஊணும். ஹிமாலயன் 411 இன்னும் தாழ்வு, 800. எட்டறது வசதி, தூக்கறது கஷ்டம்.

சக்தி போதுமான்னு கேப்பீங்க. 4,500 மீட்டர்ல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல 58 சதவீதம்தான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் எண்ணெயைக் குறைச்சுக் கலவையைச் சரி பண்ணும், இல்லாத காத்தைக் கொண்டுவர முடியாது. அதனால எந்த எஞ்சினா இருந்தாலும் நாப்பது சதவீதம் போயிடும். எக்ஸ்பல்ஸ் 19ல இருந்து 11 குதிரைசக்திக்கு வந்துடும். தனியாளா, 15 கிலோ மூட்டையோட போறதுக்கு அது போதும், அங்க 30 கி.மீ. வேகத்துக்கு மேல தேவையே வராது. பின்னால ஆள் உக்காந்தா மட்டும் 450 எடுங்க. மூணு பேரும் ஒரே மாடல் எடுங்க, இது ரொம்ப முக்கியம். டியூப், கேபிள், செயின் லிங்க் எல்லாம் ஒரு செட் போதும்.

நம்பர் பிளேட் கருப்புல மஞ்சள் எழுத்தா இருக்கணும். அதுதான் வாடகைக்குப் பதிஞ்ச வண்டி. வெள்ளை பிளேட் தனியார் வண்டி, மலிவாக் கிடைச்சாலும் தொடாதீங்க. அதை வாடகைக்கு விடறது சட்டவிரோதம், காப்புறுதியும் நிக்காது.

வண்டி எடுக்கறப்ப ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாத் திருப்புங்க. நடுவுல ஒரு இடத்துல 'டக்'குன்னு பிடிச்சா ஸ்டியரிங் பேரிங் போச்சு. கல்ரோட்டுல அது வண்டியை நேரா விடாது. ஸ்போக்குங்களை ஸ்பேனரால ஒவ்வொண்ணாத் தட்டுங்க. இறுக்கமானது கணீர்னு கேக்கும், லூசானது மொத்துன்னு கேக்கும். பின் பல்சக்கரத்தோட பின்பக்கத்துல செயினைப் பிடிச்சு இழுங்க. பாதிப் பல் வெளிய தெரிஞ்சா செயின் செட்டை மாத்தச் சொல்லுங்க. கிளட்ச் கேபிளோட லீவர் முனையில ஒரு இழை பிஞ்சிருந்தாலும் புதுசு போடச் சொல்லுங்க. மூணாவது கியர்ல மேட்டுல ஆக்ஸிலரேட்டரை முழுசாத் திறந்து பாருங்க. சத்தம் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் தேஞ்சிருக்கு, ஜலோரியிலயே நின்னுடும். ஃபோர்க் சீல்ல எண்ணெய்க் கசிவு, பிரேக் பேட் 3 மி.மீ.க்குக் குறைவு, ரிம்ல நசுங்கல் இதெல்லாம் பாருங்க. உங்க ஸ்பேனர் ரெண்டு அச்சு நட்டுலயும் உக்காருதான்னு அங்கயே போட்டுப் பாருங்க. டயர் பஞ்சரான இடத்துல அளவு சேரலன்னு தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. கடைசியா எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்துக்குங்க, முன்பணத் தகராறு வராது.

மூணு வண்டிக்கும் சேர்த்து: 21 அங்குல முன் டியூப் ரெண்டு, பின் டியூப் ஒண்ணு. அவசரத்துக்கு 21 அங்குல டியூபைப் பின்சக்கரத்துலயும் போட்டு மெதுவா ஊர் போய்ச் சேரலாம், அதனாலதான் முன் டியூப் அதிகம். டயர் லீவர் மூணு, பஞ்சர் ஒட்டு, கைப்பம்பு. கிளட்ச் கேபிள் ஒண்ணு, ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஒண்ணு. புதுக் கிளட்ச் கேபிளைப் பழசோட பக்கத்துலயே ஓட்டி டேப் போட்டு வச்சா மாத்த அஞ்சு நிமிஷம். கிளட்ச் லீவர் ரெண்டு, பிரேக் லீவர் ரெண்டு, செயின் லிங்க் ரெண்டு, ஸ்பார்க் பிளக் ஒண்ணு, ஃபியூஸ் கொஞ்சம், எம்-சீல் (விரிசல் அடைக்கற பசை) ரெண்டு பாக்கெட், கேபிள் டை, எம்6, எம்8 போல்ட் ஒரு கைப்பிடி. லீவர் கிளாம்ப்புக்கு அடியில ஹேண்டில்ல ரெண்டு சுத்து பிளம்பர் டேப் சுத்திட்டுக் கொஞ்சம் லூசாவே இறுக்குங்க. விழறப்ப லீவர் உடையாம சுழண்டு கொடுக்கும்.

செயின் ஸ்ப்ரே விமானத்துல ஏத்தக்கூடாது, கைப்பையிலயும் சரி, சரக்குப் பெட்டியிலயும் சரி. மணாலியில வாங்குங்க. கருவிகள் சரக்குப் பெட்டியில போகலாம்.

எண்ணெய்: ரெக்காங் பியோவுக்குக் கீழ பொவாரியில முழுசா நிரப்புங்க. அடுத்து நம்பக்கூடியது காஸா, 200 கி.மீ. தூரம். காஸாவுல கிளம்பறப்ப மறுபடி முழுசு. அங்கேருந்து அடுத்தது மணாலின்னே கணக்குப் போடுங்க. சந்திரதால் விலகலோட 230 கி.மீ. எக்ஸ்பல்ஸ் டேங்க் 13 லிட்டர். முதல் ரெண்டு கியர்லயே போனாலும் லிட்டருக்கு 28, 30 கி.மீ. கொடுக்கும். கேன் தேவையில்ல. ஆனா காஸா பங்க்குல சரக்கு தீர்ந்துபோறது, மின்சாரம் போறது உண்டு. ஊருக்குள்ள நுழைஞ்ச அன்னிக்கே நிரப்புங்க, கிளம்பற காலையில நிரப்பிக்கலாம்னு விடாதீங்க.

---

ஈசூன்_2ஏ

ரெண்டு அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி. எக்ஸ்பல்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டோம். ஒரே சிக்கல், ஒருத்தருக்கு விடுப்பு நீட்ட முடியல. விமானம், பஸ் எல்லாம் சேர்த்துப் பத்து நாள்தான். கின்னோர் சுத்து அதுல அடங்காது. மணாலி வழியே போனா எப்படிப் பிரிக்கறது? நாலா கடக்கறது பத்தியும் யாராவது சொல்லுங்க. அவசரத்துக்கு கார்மின் இன்ரீச் ஒண்ணு கடன் வாங்கியிருக்கோம்.

---

தேக்கா_கல்பாதை

இன்ரீச்சை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் வெளிநாட்டுப் பயணிகளைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். அணைத்து வைத்திருந்தாலும் காரணம் எடுபடாது. மணாலி–காஸா பாதையில் கிராம்ஃபூ தாண்டினால் லோசார் வரைக்கும் பெரும்பாலும் கைப்பேசிச் சிக்னல் கிடையாது. அதற்கு மாற்று, காஸாவில் தங்குமிடத்திலும் அடுத்த ஊரிலும் இத்தனை மணிக்கு வந்துசேர்வோம் என்று சொல்லி வைப்பதுதான். வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வையுங்கள்.

பத்து நாளுக்கு: மணாலியில் ஓர் இரவு. அடுத்த நாள் அடல் சுரங்கம் (9 கி.மீ., ரோதாங் மேலே போகாததால் தனிப் பெர்மிட் வேண்டாம்) தாண்டி சிஸ்ஸு அல்லது கேலாங்கில் இரண்டு இரவு. இரண்டுமே ஏறக்குறைய 3,100 மீட்டர். நடுவில் உள்ள நாளில் தண்டி பங்க்கில் எண்ணெய் நிரப்புங்கள், மேலே ஏதாவது கிராமம்வரை நடந்துவிட்டு இறங்குங்கள். நான்காம் நாள் குன்ஸும் தாண்டிக் காஸா. கூடுதல் 600 மீட்டர், கொஞ்சம் அதிகம்தான், மருத்துவர் ஒப்புக்கொண்டால் மாத்திரையோடு போகலாம். சந்திரதாலில் போகும்போது தங்கவே கூடாது, திரும்பும்போது மட்டும். காஸாவில் முதல் பகல் கீ, கிப்பர் போதும். ஹிக்கிம், கோமிக் எல்லாம் 4,400க்கு மேல், அதை அடுத்த நாளைக்கு வையுங்கள். நாள் போதவில்லை என்றால் சந்திரதாலை வெட்டுங்கள், சிஸ்ஸு இரவை வெட்டாதீர்கள்.

தேதியை முடிந்தால் செப்டம்பர் 15க்குப் பின்னால் தள்ளுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை வாரத்தில் குல்லுப் பக்கம் இன்னும் மழை இருக்கும். ஸ்பிட்டி மழைமறைவுப் பகுதி, ஆனால் அங்கே போகும் பாதை அப்படியில்லை, மண்சரிவில் இரண்டு நாள் மாட்டினால் உங்கள் பத்து நாள் போயிற்று.

நாலா என்பது பனிப்பாறை உருகி வரும் ஓடை, பாதைக்குக் குறுக்கே ஓடும். அதே மணாலி–காஸா பாதையில் சத்ரூவுக்கும் பாத்தலுக்கும் நடுவே அடிக்கடி வரும். வெயில் ஏற ஏற உருகும், அதனால் காலையில் கணுக்கால் அளவு இருப்பது மாலை நான்கு மணிக்கு முழங்காலுக்கு வந்துவிடும். திரும்பும் நாளில் பாத்தல்–கிராம்ஃபூ பகுதியை மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும். ஆனால் செப்டம்பர் கடைசியில் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புவதும் தவறு. இரவில் சிதறிய தண்ணீர் கல்மேல் கண்ணாடிப் பனியாக உறைந்திருக்கும், ஓடையை விட்டு ஏறும் இடத்தில்தான் சறுக்கும். வெயில் பாதையில் விழும் நேரத்துக்குக் கிளம்புவது சரி.

முதலில் நிறுத்தி நடந்து பாருங்கள். அகலமாக, சலசலவென்று சிற்றலையோடு ஓடும் இடம் ஆழம் குறைவு. அமைதியாக, கறுப்பாகத் தெரிவது குழி. ஜீப்புகள் போன தடம் இருந்தால் அதுவே பெரும்பாலும் நல்ல வழி. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, நடக்கும்போதே காலை இழுத்தாலோ, காத்திருங்கள். அடுத்து வரும் சரக்கு வண்டியில் பைக்கை ஏற்றி அக்கரை கொண்டுபோவது அங்கே சாதாரணம்.

ஓட்டும்போது முதல் கியர், நடைவேகத்துக்குச் சற்று மேல், ஆக்ஸிலரேட்டர் ஒரே சீராக. கண் எதிர்க்கரையில். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லைப் பார்த்தால் அதன்மேல்தான் போய் ஏறுவீர்கள். கல்லில் முட்டி நின்றால் கிளட்ச்சைப் பிடித்துக் காலை ஊன்றுங்கள், எஞ்சினை அணைய விடாதீர்கள். தள்ளிக்கொண்டு போவதாக இருந்தால் எஞ்சின் ஓட, முதல் கியரில், நீங்கள் நீரோட்டம் வரும் பக்கமாக நில்லுங்கள். மறுபக்கம் நின்றால் வேகம் பைக்கை உங்கள் மேல் சாய்த்துவிடும். உதவிக்கு வருபவருக்கும் இதேதான்.

தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் முதல் வேலை கில் சுவிட்ச்சை (எஞ்சினை உடனே அணைக்கும் பொத்தான்) அழுத்துவது. எஞ்சின் தானாக நின்றிருந்தால், சந்தேகம் தீரும்வரை ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பயணம் அங்கேயே முடிந்துவிடும். கரைக்கு இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கி சைலன்சர் தண்ணீரை வடியுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பெட்டி உலர்ந்திருந்தால் தைரியமாக ஸ்டார்ட் செய்யலாம். ஈரமாக இருந்தால் ஃபில்டரைப் பிழிந்து உலர்த்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக் துளையிலிருந்து தண்ணீர் தெறித்து முடியும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். முகத்தை அந்தத் துளைக்கு நேரே வைக்காதீர்கள். பிறகு எஞ்சின் எண்ணெயைப் பாருங்கள், பால் போட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டக்கூடாது. அதற்காகவே குழுவுக்கு ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெய். கரையேறியதும் பிரேக்கை மெதுவாகப் பிடித்தபடி நூறு மீட்டர் ஓட்டி உலர்த்துங்கள். காலுறையை உடனே மாற்றுங்கள், ஈரக்காலோடு குன்ஸும் ஏறினால் மாலைக்குள் கியர் போடக் கால் கேட்காது.

டயர் காற்று: கல்பாதைக்கு முன்னால் 22 முதல் 24 பிஎஸ்ஐ, பின்னால் 25, 26. அதற்குக் கீழே போகாதீர்கள். மணலில் 18 நன்றாக இருக்கும், ஆனால் அங்கே உள்ள கற்கள் கூர்மையானவை, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைத் துளை விழும். மணாலியில் பார்த்த அளவு மேலே மாறும். வெளிக்காற்றழுத்தம் குறைவதால் காஸாவில் அளவி இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், பத்து டிகிரி குளிர்ந்தால் ஒன்றுக்குச் சற்று மேல் குறையும். ஆகவே காஸாவில் காலையில், வண்டி ஓட்டுவதற்கு முன் புதிதாகச் சரிசெய்யுங்கள்.

எக்ஸ்பல்ஸில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) முறையைக் கல்லில் மாற்றிக்கொள்ளலாம், சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டபின் எந்த முறையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே வண்டி வந்தால் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். நிறுத்துவது எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம், பள்ளத்துப் பக்க ஓரம் இடிந்து விழக்கூடியது. ஆனால் பாதையில் புதுக் கற்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் எந்தப் பக்கமும் நிற்காதீர்கள், படம் எடுக்கவும் வேண்டாம்.

---

ஈசூன்_2ஏ

இன்ரீச்சைத் திருப்பிக் கொடுத்தாச்சு. கடைசியா ஒண்ணு: இங்கேருந்து கிளம்பறதுக்கு முன்னால பழகறதுக்கு ஜொகூர் செம்பனைத் தோட்டத்து மண்பாதை சரிப்படுமா?

---

சங்கிலி_பல்சக்கரம்

பாதிதான் சரிப்படும். தோட்டத்துச் செம்மண் காஞ்சா இறுகிடும், நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும். ஸ்பிட்டியில உருளற கல். ஆனா நின்னுக்கிட்டு ஓட்டறது, முழங்காலால டேங்கைப் பிடிக்கறது, பின் பிரேக்கை மட்டும் வச்சு இறங்கறது, ஹேண்டிலை முழுசாத் திருப்பி எட்டு போடறது எல்லாம் எங்க பழகினாலும் ஒண்ணுதான். தோட்டம் தனியார் நிலம், அனுமதி கேட்டுட்டு நுழைங்க. நம்ம காப்புறுதி மேற்கு மலேசியாவுக்குச் செல்லுமே தவிர, தார் இல்லாத இடத்துக்குச் செல்லுமான்னு தனியாக் கேளுங்க. சிங்கப்பூர் வண்டிக்கு அங்க ரான் 95 பெட்ரோல் ஊத்தக்கூடாது, 97தான். உள்ளூர்ச் சின்ன பங்க்குல 97 இல்லாம இருக்கலாம், நெடுஞ்சாலையிலயே நிரப்பிட்டுப் போங்க.

இன்னொரு பயிற்சிக்கு மலையே வேண்டாம். கார்ப்பெட் விரிச்சு உங்க வண்டியை மெதுவாப் படுக்க வச்சு, முதுகை அதுக்குத் திருப்பி, இருக்கையோட ஓரத்துல இடுப்பை வச்சு, ஒரு கையால ஹேண்டில், இன்னொரு கையால பின் கம்பியைப் பிடிச்சுக் காலால பின்னோக்கி நடந்து தூக்கிப் பழகுங்க. வண்டி வலது பக்கமா விழுந்திருந்தா முதல்லயே சைடு ஸ்டாண்டைப் போட்டுடுங்க, நிமிர்ந்ததும் ஸ்டாண்ட் இருக்கற இடது பக்கம் சாஞ்சு நிக்கும். மூணு பேரும் ஒருத்தர் உதவியில்லாமத் தூக்கற வரைக்கும் பழகுங்க.

---

செம்பவாங்_மலைவழி

மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி மாதிரி கெட்டியான பக்கப்பெட்டி வேண்டாம், விழும்போது காலை அடியில் மாட்டிவிடும். துணிப்பை, இருபக்கமும் சம எடை, கனமான கருவிகள் கீழேயும் முன்னாலும். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை நம்பாதீர்கள், பக்கிள் பட்டையால் கட்டுங்கள். பத்து கி.மீ. ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். சந்திரதாலில் செப்டம்பர் கடைசி இரவு பூச்சியத்துக்குக் கீழே போகும். ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை, முகாம்கள் சில கி.மீ. தள்ளி இருக்கின்றன. சிங்கப்பூரில் போடும் வலைத்துணி ஜாக்கெட்டைக் கொண்டுபோகலாம், உள்ளே கம்பளி ஒன்று, மெல்லிய பஞ்சு ஜாக்கெட் ஒன்று, வெளியே காற்றும் மழையும் புகாத மேலுறை ஒன்று. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மற்றது. பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், இரவில் அதையும் கைப்பேசியையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.